புதுக்கடையில் ஓர் இராச்சாப்பாடு

கனடாவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், வந்து இறங்கிய மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், இரவைக்குப் புதுக்கடைப் பக்கம் போவமா? கொத்துச் சாப்பிட்டுக் கனகாலம்" என்றார். எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை.

கொழும்பில் என் வயதுத் தமிழர்களுக்குப் புதுக்கடை என்பது சாப்பிடப் போகும் இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. "அவரைப் புதுக்கடைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்" என்று யாராவது சொன்னால், அதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டோம். பொலிஸ் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லப்பட்டிருக்கிறார் என்று பொருள். அதைக் கேட்டு மூச்சுவிட்ட குடும்பங்களும் உண்டு. நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார்கள் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்றல்லவா அர்த்தம்!

இந்த நண்பரும் அங்கே நின்றவர்தான். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்டதன் பின்னர் நகரெங்கும் நடந்த சுற்றிவளைப்புகளில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றிலிருந்து அவரைக் கொண்டு போனார்கள். சில வாரங்களின் பின்னர் எந்தக் குற்றச்சாட்டும் இன்றி விடுவித்தார்கள். பேராதனையில் கலைப்பட்டம் முடித்துவிட்டுப் பத்திரிகையொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த நான், குறிப்புப் புத்தகத்தோடு அன்று நீதிமன்ற வாசலில் நின்றேன். செய்தியாளனாக நின்றேனா, நண்பனாக நின்றேனா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அதன் பிறகு அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். இடையில் மூன்று தடவை வந்து போயிருக்கிறார். மூன்று தடவையும் புறக்கோட்டைக்குப் போகும்போதுகூட அந்தப் பக்கமாக வாகனத்தை விடவேண்டாம் என்று சாரதியிடம் சொன்னவர்.

இப்போது கொத்து ரொட்டி சாப்பிடப் போவோம் என்கிறார். விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. ரொறொன்ரோவில் பிறந்த அவருடைய மகள், யாரோ ஒரு வெள்ளைக்காரர் புதுக்கடைத் தெருவில் நின்று சாப்பிடும் காணொளியைத் தந்தைக்குக் காட்டி, "அப்பா, இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். தெரியும் என்று மட்டும் சொன்னாராம்.

புதுக்கடையைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். 1656ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்புக் கோட்டையைப் பிடிக்க ஒல்லாந்தர் முற்றுகையிட்டிருந்தபோது, அவர்களுடைய தளபதி ஹல்ஃப்ட் என்பவர் சுடப்பட்டு இறந்தார். கோட்டை வீழ்ந்ததைக் காண அவர் இருக்கவில்லை. அவர் நினைவாக ஒல்லாந்தர் அந்த மேட்டுக்கு ஹல்ஃப்ட்ஸ்டொர்ப், அதாவது ஹல்ஃப்டின் ஊர், என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் பெயர். ஊர்ச் சனங்களுக்குத் தளபதியைத் தெரியாது; கடையைத்தான் தெரியும். ஆகவே தமிழில் புதுக்கடை, சிங்களத்தில் அளுத்கடை. இரண்டுக்கும் ஒரே பொருள். இந்த நாட்டில் இரு மொழிக்காரரும் வாதாடாமல் ஒரே பெயரை வைத்துக்கொண்ட இடங்கள் அதிகமில்லை, அதிலும் நாட்டின் வாதாட்டமெல்லாம் நடக்கும் இடத்துக்கு!

உயர் நீதிமன்றம் முதல் நீதவான் நீதிமன்றங்கள் வரை அந்த மேட்டில்தான் இருக்கின்றன. சட்டக் கல்லூரியும் அங்கேதான். கூப்பிடு தூரத்தில் புதுச்சோனகத் தெருவில் பெரிய பள்ளிவாசல். சற்றே இறங்கி நடந்தால் செட்டியார் தெருவும் அதன் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும். இன்னும் நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசர் கோயிலும் வந்துவிடும். பகலில் புதுக்கடை கறுப்புக் கோட்டுகளின் ராச்சியம். தட்டச்சு செய்பவர்களும், சத்தியக் கடதாசிக்கு முத்திரை விற்பவர்களும், வழக்குக்கு வந்து மரத்தடியில் குந்தியிருக்கும் குடும்பங்களுமாக இருக்கும். மாலை ஐந்து மணியானதும் கோட்டுகள் மறையும். ஆறரைக்கு அப்துல் ஹமீத் வீதியில் தட்டுகள் விரியும், கரி அடுப்புகள் மூளும், ஏழரைக்கு இரும்புத் தட்டில் கொத்தும் சத்தம் தொடங்கிவிடும். நோன்பு காலத்தில் அந்தத் தெரு விடியவிடிய உறங்காது.

நிற்க. வெளியில் சாப்பிடுதல் என்பதைப் பற்றி நம்மவர்கள் எழுதுகின்றவற்றை அண்மைக்காலமாக வாசித்துவருகிறேன். எந்தக் கடையில் எது ருசி, எத்தனை நட்சத்திரம், படம் எடுக்க வெளிச்சம் போதுமா என்றே அவை பேசுகின்றன. எனக்கு இதில் மனஸ்தாபம் ஒன்றுமில்லை. ருசி பார்த்து எழுதுவதும் எழுத்துத்தான். ஆனால் கொழும்பில் தமிழர்கள் வெளியில் சாப்பிட்ட கதை வேறு. வீட்டுச் சாப்பாடு அலுத்துப்போய் அவர்கள் கடைக்குப் போகவில்லை. அவர்களுக்கு வீடு இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் தொண்ணூறுகளில் லொட்ஜ்கள் நிறைந்து வழிந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருப்பவர், கண் சத்திரசிகிச்சைக்கு வந்தவர், அடையாள அட்டை எடுக்க வந்தவர், பிடிபட்ட மகனைத் தேடி வந்த தாய் என்று ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர். அறையில் அடுப்பு மூட்டக்கூடாது. மூன்று வேளையும் கடைதான். நானும் இரண்டரை ஆண்டுகள் அப்படி இருந்தவன். எனவே சைவக் கடைகளைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரித்து உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர்கள். புங்குடுதீவார், காரைநகரார் கடை போடாத சந்தி இலங்கையில் எங்கே இருந்தது? வாசலில் வெற்றிலைத் தட்டு, சுவரில் பிள்ளையார், இலக்குமி படங்கள், ஒரு நாட்காட்டி. போய் இருந்தவுடன் சேவையாளர் ஒன்றும் கேட்காமல் வடை, போண்டா, சூசியம் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார். எடுத்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடவேண்டும். எத்தனை எடுத்தீர்கள் என்று யாரும் எண்ணமாட்டார்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும். எழும்பிக் கை கழுவப் போகும்போது அவர் அங்கிருந்தே கணக்கைக் காசாளரிடம் உரத்துச் சொல்வார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. "கண்ணாடிக்காரர் நாற்பத்திரண்டு", "நீலச் சேட்டு இருபத்தெட்டு". என்னை நெடுநாள் "பேப்பர்காரர்" என்றார்கள்.

ஒரு மேசையில் முன்பின் தெரியாத நான்கு பேர் இருப்பார்கள். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது சாதாரணமாக இருக்கவில்லை என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்லியாகவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீரைப் போத்தலிலும் தகரக் குவளையிலும் ஊற்றிக் கடைக்கு வெளியே வைத்துக் கொடுத்த ஊர் நமது ஊர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைக் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. அதற்குப் பின்னரும் சங்கானையிலும் கொடிகாமத்திலும் நெல்லியடியிலும் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்காக ஆட்கள் அடிபட்டார்கள். ஒரு குவளை தேநீரை உள்ளே இருந்து குடிப்பதற்காக! அந்த ஊர்க்காரர்களே கொழும்பில் கடை போட்டபோது, வாசலில் நின்று யார் எவர் என்று கேட்க முடியவில்லை. கேட்டால் கடை நடக்காது. இதைக் கொழும்பின் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். கூட்டமும் வாடகையும் செய்த வேலை அது. பின்கட்டில் குசினிக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் மேசையில் பார்க்கவில்லை. என்னோடு லொட்ஜில் இருந்த முதியவர் ஒருவர், "தம்பி, நான் முதன்முதலாக ஒரு சைவக் கடைக்குள்ள கதிரையில இருந்து சாப்பிட்டது கொழும்பிலதான்" என்றார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. அவர் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துக்கொண்டே அதைச் சொன்னார். நான்தான் சாப்பிடாமல் இருந்தேன்.

இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். ஒன்பதுக்குமேல் சுற்றிவளைப்பு வரலாம். சட்டைப் பையில் அடையாள அட்டையும், பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டே கடைக்கு இறங்குவோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. புதுக்கடைக்குப் புறப்படும்போது நண்பரும் தம் சட்டைப் பையைத் தடவிக் கொண்டதைக் கண்டேன். அவரிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு!

2007 ஜூன் 7ஆம் திகதியை நான் மறப்பதற்கில்லை. அன்று விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பொருட்களைக் கட்ட அவகாசமும் கொடாமல் பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பது அவர்கள் மீதிருந்த குற்றம். வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். செய்தி கேட்டு நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். எனக்குப் பழக்கமான ஒரு கடையில் இடியப்பத் தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. சாப்பிட ஆளில்லை. முதலாளி மேசையில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். மாதக் கணக்கில் சாப்பிட்டவர்களின் பெயர்கள். பெயர் தெரியாதவர்களுக்கு அறை இலக்கம். "பத்தொன்பது பேர், தம்பி" என்றார். எத்தனை ரூபா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. எந்தப் புதுக்கடையைக் கண்டு அஞ்சினோமோ, அதே புதுக்கடைதான் அன்று பஸ்ஸை நிறுத்தியது. பின்னர் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்தார். போனவர்களிற் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வந்து கடனைத் தீர்த்தார்கள். சிலர் வரவேயில்லை. முதலாளி அந்தக் கொப்பியைக் கிழிக்கவுமில்லை, பாக்கியைத் தள்ளுபடி செய்யவுமில்லை. வியாபாரி வியாபாரிதான். ஆனால் பெயர்களை அவர் தேடிக்கொண்டே இருந்தார் என்பதை நான் அறிவேன்.

அது கிடக்கட்டும். நாம் அடிபட்ட கதையை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. புதுக்கடையின் அடுப்புகள் பெரும்பாலும் முஸ்லிம்களுடையவை. அவர்களும் நாமும் ஒரே மொழியைப் பேசுகிறோம். "நாநா, ரெண்டு கொத்து, ஒண்டுக்கு உறைப்புக் குறைச்சு" என்று நாம் கூப்பிட, "இருங்க தம்பி, இப்ப தாறன்" என்று அவர்கள் சொல்ல, அரை நூற்றாண்டு போயிருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறிக்குள் கருத்தடை மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, அது மாவுக்கட்டி என்று அறிக்கை தந்தார். அறிக்கை வர முன்னரே கண்டிப் பக்கம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்து முடிந்துவிட்டன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் சவப்பெட்டிகள் வரிசையாகச் சென்றதைப் பார்த்தவன் நான். இறந்தவர்களில் நம்மவர்கள் பலர். அந்தத் துயரத்துக்கும் கோபத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் அடுத்த மாதங்களில் நம் வீடுகளில் என்ன பேசினோம்? "அவங்கட கடையில இனிச் சாப்பிடக்கூடாது" என்று வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பேச்சு வந்தது. பேசியவர்கள் படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள். எண்பத்து மூன்று ஜூலையில் தமிழ்க் கடை என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தியதை நேரில் கண்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். நான் அவ்விடத்தில் வாயைத் திறக்கவில்லை. கேக்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்தி எழுதிப் பிழைக்கும் ஒருவன் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, ஆறு ஆண்டுகள் கழித்து இங்கே எழுதுகிறான். அதையும் வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

பின்னர் 2022 வந்தது. எரிவாயு இல்லை. கொழும்பின் சிறு கடைகள் பல அடைத்துக் கிடந்தன. விறகுக்கு மாறியவர்கள் புகையில் கண்ணைக் கசக்கினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஓராண்டில் சாப்பாட்டின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. சோற்றுப் பொதியில் மீன் துண்டு கருவாடாகி, கருவாடு முட்டையாகி, முட்டையும் பாதியாயிற்று. அலுவலகத்துக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் வழக்கம் திரும்பிற்று. கடைக்காரர்களைக் கேட்டால், யுத்தகாலத்திலும் இப்படி நட்டப்படவில்லை என்றார்கள்.

இப்படியெல்லாம் அடிபட்டெழுந்த தெருவைத்தான் இப்போது காணொளிக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். புதுக்கடையில் வெளிநாட்டவர் ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா கேட்டு, அவரோடு தகராறும் பண்ணினார் ஒருவர். காணொளி பரவியது. வாழைத்தோட்டம் பொலிஸார் அவரைக் கைது செய்து, அதே மேட்டிலுள்ள நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் செய்தது பிழை. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு கிழமைகளாகப் பத்திரிகைகளும் சமூக ஊடகங்களும் எழுதியவற்றைப் பார்த்தால், நாட்டின் சுற்றுலாத்துறையே அந்தக் கொத்துத் தட்டில்தான் கவிழ்ந்துவிட்டது போல இருந்தது. கடற்கரையோரப் பெரிய ஹோட்டலில் அதே கொத்தை வெள்ளைத் தட்டில் வைத்து, இதைப்போல மும்மடங்கு வாங்கி, அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் போட்டால், அதற்குப் பெயர் அனுபவம். தெருவில் கேட்டால் கொள்ளை. இரண்டிலும் ஏமாறாமல் இருக்க ஒரே வழி விலைப்பட்டியல்தான். விலையைப் பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் தொங்கவிடச் செய்தால் விவகாரம் முடிந்தது. அதற்குப் பதிலாக, தெருவை "ஒழுங்குபடுத்தி" விளக்குத் தோரணமும் வளைவும் கட்டிச் சுற்றுலா உணவு வீதியாக்க வேண்டும் என்று யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம் பிடிக்கிறது. வளைவு வந்தால் அதன் பின்னால் வாடகை வரும். வாடகை வந்தால் நாநாமார் போய்விடுவார்கள். கொம்பனித்தெருவில் பழைய ஒழுங்கைகளை இடித்து அடுக்குமாடி எழுப்பியபோது, அந்த ஒழுங்கைகளின் சாப்பாட்டுக் கடைகள் எந்த மாடியில் ஏறின? யாராவது காட்டட்டும்.

வெள்ளவத்தையிலும் அதே கதைதான், வேறு விதமாக. பழைய வீடுகள் போய்த் தொடர்மாடிகள் வந்தன. ஒவ்வொரு மாடியிலும் ஒரு குசினி. குசினியில் சமைக்காதவர்களுக்கு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு வருகிறது. சாப்பாடு நல்லாகத்தான் இருக்கிறது. குற்றம் சொல்ல வரவில்லை. முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு மேசையில் இருந்து சாப்பிடும் காட்சிதான் குறைந்துவருகிறது.

புதுக்கடைத் தெருவுக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று கேட்டால் நான் சொல்லுவேன்: தண்ணீர்க் குழாய், மூடிய வடிகால், இரவில் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை, கழிவு அள்ள நள்ளிரவில் ஒரு வண்டி. அதைவிட முக்கியமான ஒன்று, அங்கே வேலை செய்பவர்களின் சம்பளம். இதைத்தான் எந்தக் காணொளியிலும் காணவில்லை.

அன்றிரவு எங்களுக்குப் பரிமாறிய பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். நண்பர் அவனிடம் ஊரைக் கேட்டார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம் என்றான். கொழும்பின் சாப்பாட்டுக் கடைகளைத் தாங்கி நிற்பவர்கள் மலையகத்துப் பையன்கள்தான். சைவக் கடையாகட்டும், முஸ்லிம் கடையாகட்டும், பின்கட்டில் வெங்காயம் உரிப்பவனும் தட்டுக் கழுவுபவனும் அவர்களே. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று ஆனதே பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்காமல் பிள்ளைகள் ரயிலேறுகிறார்கள். வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியதும் அதே 2021இல்தான். அதற்கு முன்னர் நாம் எத்தனை பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் "தம்பி, தண்ணி கொண்டு வா" என்று சொல்லியிருப்போம்! நானும் சொல்லியிருக்கிறேன். சேவைக் கட்டணம் என்று பெரிய ஹோட்டல்களில் பற்றுச்சீட்டிலாவது ஒரு வரி இருக்கிறது. தெருக்கடைப் பையனுக்கு அந்த வரியும் இல்லை. எத்தனை மணி நேர வேலை என்று கேட்டேன். அவன் முதலாளி பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "பின்னேரம் மூணுக்கு வந்தா, முடியிற வரைக்கும் சேர்" என்றான்.

நண்பர் அப்போது ஒரு கதை சொன்னார். வரும் வழியில் குடும்பத்தோடு துபாயில் இரண்டு நாள் தங்கினார்களாம். பாலைவனத்தில் வாகனம் ஓட்டிக் காட்டி, பொழுது சாய்ந்ததும் கூடாரத்தில் கம்பளம் விரித்து, நெருப்பில் சுட்ட இறைச்சியோடு விருந்து வைத்தார்களாம். ஒட்டகம், நடனம், நட்சத்திரம் எல்லாம் இருந்ததாம். "மகளுக்கு நல்ல சந்தோசம். எனக்குத் தட்டுக் கொண்டுவந்து தந்த பெடியன், நாங்கள் தமிழில கதைக்கிறதைக் கேட்டிட்டு, 'நீங்க சிலோனா அங்கிள்? நான் புத்தளம்' எண்டான். வெளியில நாற்பது பாகை வெயிலில பகல் முழுக்க நிண்டு அந்தக் கூடாரத்தைக் கட்டினதும் தாங்கள்தானாம்." அவர் கதையை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு மஸ்கெலியாப் பையனைப் பார்த்தார். பையன் எங்கள் மேசைக்கு முட்டை ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர் கோபிப்பார். மாட்டிறைச்சிக் கொத்து ஒன்று, பாபத் ஒரு தட்டு, சுட்ட கோழி, கடைசியில் வட்டிலப்பம். கொத்தில் உறைப்பு அளவோடு இருந்தது, ரொட்டி நைந்து போகவில்லை. பாபத் எனக்கு ஒத்துவராது, அவர் முழுவதையும் சாப்பிட்டார். வட்டிலப்பத்தில் ஏலக்காய் சற்றுத் தூக்கல். விலைப்பட்டியல் தொங்கியது. கேட்ட விலையும் தொங்கிய விலையும் ஒன்றாகவே இருந்தன. எங்கள் மேசையில் மிஞ்சியிருந்த இரண்டு கதிரைகளில் பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு சிங்களத் தம்பதியர் அனுமதி கேட்டு இருந்தார்கள். பாபத் எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண்மணி நண்பரிடம் சிங்களத்தில் கேட்டார். இருபத்தேழு ஆண்டுகளில் அவர் சிங்களத்தை மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

எழும்பும்போது நண்பர் பையனின் கைக்குள் எதையோ வைத்தார். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பின்னர், வட்டிலப்பம் இரண்டு பொதி கட்டச் சொல்லிவிட்டு, "அந்த வாசல் எந்தப் பக்கம் மச்சான்?" என்று கேட்டார். எந்த வாசல் என்று நான் கேட்கவில்லை. இருவரும் மேட்டில் ஏறி நடந்தோம். 1996இல் இருந்த மாதிரி இப்போது இல்லை. வேலி மாறியிருக்கிறது, விளக்குகள் கூடியிருக்கின்றன. 2025 பெப்ரவரியில் நீதிமன்ற அறைக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்து ஒருவரைச் சுட்டுக் கொன்ற பிறகு காவலும் பலப்படுத்தப்பட்டிருக்கிறது. நண்பர் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலில் நின்ற காவலர் எங்களைக் கவனித்துவிட்டுக் கிட்ட வந்தார். நண்பரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று.

காவலர் கேட்டது வேறு. கையிலிருந்த பொதியைக் காட்டி, எந்தக் கடையில் வாங்கினீர்கள், இன்னும் இருக்கிறதா என்றார். நண்பர் கடையின் அடையாளத்தைச் சொன்னார். பச்சைப் படங்கு போட்ட தட்டு, மூலையிலிருந்து மூன்றாவது.